பதினேழாவது இயந்திரம்

2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை, காலை 7.40. விடாத மழை. ஒரகடத்தில் எங்கள் ஆய்வகத்தைத் திறந்தால், மைனஸ் எண்பது டிகிரியில் இருக்க வேண்டிய ஃப்ரீசரின் கதவில் மூன்று சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம், அடியில் குளம்போலத் தண்ணீர். முப்பத்தெட்டு ஆண்டுகள் ஜெர்மனியில், ஹானோவரில் ஃப்ரீசர்களோடு வாழ்ந்தவன் நான். அங்கே ஒன்றுக்கும் பொட்டு வைத்ததில்லை.

உள்ளே அறுபது குப்பிகள். இதைப் படிக்கும் ஹானோவர்த் தமிழ் நண்பர்களே, அவை என்னவென்று சொன்னால்தான் என் எரிச்சல் புரியும். ஒரு புரதத்தைச் செய்யும்படி செல்லுக்குச் சொல்வது எம்ஆர்என்ஏ. தனியே போனால் இரத்தத்திலேயே சிதைந்துவிடும் என்பதால் கொழுப்பு நுண்துகளில் பொதிந்து அனுப்புகிறோம். எங்களுக்கு வேண்டியது நுரையீரல். துகளோ இரத்தத்தில் திரியும் ஒரு புரதத்தைப் போர்த்திக்கொண்டு நேரே கல்லீரலுக்குப் போகிறது, வல்லக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்தவரைச் சுங்குவார்சத்திரத்திலேயே இறக்கிவிடும் பஸ்ஸைப் போல. நாற்பது கலவை செய்தேன், நாற்பதும் கல்லீரல். வழக்கமான நான்கு கொழுப்புகளோடு நேர்மின்னேற்றமுள்ள ஐந்தாவது கொழுப்பொன்றைச் சேர்த்த நாற்பத்தொன்றாவதுதான் எலியின் நுரையீரலைச் சேர்ந்தது. அதை நிரப்பிய அந்த அறுபது குப்பிகளும் அன்று அடுத்த சோதனைக்குப் போக வேண்டும். புதன்கிழமை நான் ஹானோவருக்கு, மனைவியிடம்.

“இத யாரும்மா அணைச்சது?” என்றேன். தனலட்சுமி ஆய்வகப் பொறுப்பாளர், பிள்ளைப்பாக்கத்துக்காரர்.

“நீங்கதான சார் சொன்னீங்க?”

சொன்னேன்தான். வியாழக்கிழமை, ஆயுத பூஜைக்கு இயந்திரங்களில் குங்குமம் கூடாது என்று மறுத்தேன். அவர் முகம் வாடியது. ஊர் வழக்கம் தெரியாதவன் என்று பெயர் வாங்க மனமில்லாமல், “சரி, எல்லாத்தையும் நிறுத்திட்டு வெளிப்பக்கம் மட்டும் வைங்க. மொத்தம் பதினேழு” என்று எண்ணியும் கொடுத்தேன்.

“ஃப்ரீசர வுட்டா பதினாறுதான் சார் வருது. மூணு வாட்டி எண்ணிட்டேன். குப்பிய வேற எங்கயோ மாத்திட்டீங்கன்னு நெனச்சேன்.”

“அலாரம் கத்தியிருக்குமே!”

“ராவெல்லாம் கத்திகினு இருந்துச்சாம். பூஜ நாளும் அதுவுமா இன்னா கூச்சல்னு வாட்ச்மேன் அண்ணா பேட்டரிய கழட்டிட்டாரு.”

துகள்களை அளந்தேன். எண்பது நானோமீட்டர் இருந்தவை உருகி ஒட்டி நானூறு ஆகியிருந்தன. ஹானோவரில் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னால் ஃப்ரீசரை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் அங்கே முப்பத்தெட்டு ஆண்டும் நான் இந்தியன். இங்கே தனலட்சுமி வாசலில் போய்ச் சொல்கிறார்: “அண்ணா, உள்ள வராதீங்க. ஜெர்மன்காரு கோவமா கீறாரு.”

மறுபடி அறுபது செய்யப் பதினோரு வாரம். தொலைபேசியில் மனைவி சொன்னாள்: “பேசாம அங்கேயே ஒரு ரேஷன் கார்டு வாங்கிருங்க.”

இரத்தத்தில் இறங்கும் துகள் எதைப் போர்த்திக்கொள்கிறதோ, அதுவே அது போய்ச் சேரும் இடத்தைத் தீர்மானிக்கிறது. என் சட்டைக் கையில் ஃப்ரீசரின் குங்குமம், துடைக்கத் துடைக்கப் பரவியது. சட்டைப் பையில் புதன்கிழமை டிக்கெட். அதை ஜனவரிக்கு மாற்ற ஆனது ரூபாய் 19,450.