கருத்தம்மாள் போடாத உப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி வந்து நின்றால், முதலில் ஜன்னலுக்கு எட்டுவது கருத்தம்மாளின் கைதான். கொய்யாவை நாலாகக் கீறி, நடுவில் உப்பும் மிளகாய்த்தூளும் அப்பி நீட்டுவாள். மம்சாபுரத்திலிருந்து கூடையோடு வந்து இருபது வருஷமாக இதே வேலை. உப்பு வேண்டாமென்று யாராவது சொன்னால், காய்ச்சல்காரரைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

அவள் புருஷன் ராக்கப்பனுக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. தொண்ணூற்றொன்றில் அவனுக்குக் கால் இரண்டும் வீங்கி, நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. இருதயம் பலவீனம் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்து, "உப்பு மட்டும் தொடவே கூடாதும்மா. சத்தா ஆக்கிப் போடு," என்றார்.

டாக்டர் சொல்லை இவளைப்போல மதித்தவள் அந்த ஊரில் கிடையாது. அன்றைக்கே உப்புச் சாடியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். ராக்கப்பன் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டான். சாயங்காலம் மிச்சக் கூடையைப் பார்த்து, "ஒரு கொய்யா தாட்டி," என்பான்.

"உப்பு ஆகாதுன்னு அம்புட்டுச் சொல்லியும் கொய்யா கேக்கியளே, வெளங்குமா?" என்று கூடையைச் சாக்கால் மூடுவாள். உப்பில்லாமலும் கொய்யா தின்னலாம் என்பது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. வேறொரு வீடாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம்.

அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டிலிருந்து கொழுந்தன் சமுத்திரம் லீவில் வந்தான். அட்டைப்பெட்டி நிறையப் பட்டாணி டின். "வெள்ளைக்காரன் திங்கிறது மதினி, அம்புட்டும் சத்து," என்றான். ஐம்பது காசுக் கொய்யா எங்கே, கப்பலேறி வந்த டின் எங்கே! தினம் ஒன்றை உடைத்து, சத்து வீணாகக் கூடாதென்று உள்ளிருந்த தண்ணீரோடு சேர்த்தே சூடாக்கிக் கொடுத்தாள். "இதுதாட்டி வாய்க்கு வெளங்குது," என்று ராக்கப்பன் தட்டை வழித்தான். அவள் ஒரு பட்டாணிகூட வாயில் போட்டுப் பார்க்கவில்லை. எல்லாம் அவனுக்கு என்றே வைத்திருந்தாள், பாவி மகள்.

மூன்றாம் வாரம் வீக்கம் தொடைவரை ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கேயும் வராந்தாவில் கூடையை வைத்துவிட்டு டின்னை உடைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் தங்கபாய் அதை வாங்கி, திருப்பிப் படித்தாள்.

"இது உப்புத்தண்ணியில ஊறுனதும்மா."

"நான் ஒரு கல்லு உப்புக்கூடப் போடலியே!"

தங்கபாய்க்குக் கோபிக்க மனம் வரவில்லை. "பட்டாணியில சத்து இல்லன்னு சொல்லல. ஆனா டின்னுல அடைச்சு வேக வைக்கையில வைட்டமின் சி முக்காவாசி போயிரும், உப்பு போகாது. ஒங்க கொய்யாவுல அந்த வைட்டமின் பல மடங்கு இருக்கு, உப்பு இல்லவே இல்ல. அத வெறுமனே குடுங்க."

கருத்தம்மாள் கூடையை மூடியிருந்த சாக்கை விலக்கினாள். பிறகு பழுத்ததாக ஒன்றைப் பொறுக்கி, வெறுமனே கீறி அவனுக்கு ஊட்டினாள். டின் விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை.

"நல்லாத்தான இருக்கு. இதயே குடுத்திருக்கலாமேட்டி," என்றான் ராக்கப்பன். குறையாகச் சொல்லவில்லை, ருசியில் சொன்னான்.

நாலாம் நாள் போய்விட்டான். இருதயம் முன்னமே கெட்டிருந்தது, டின் மட்டும் காரணமில்லை என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். கருத்தம்மாள் காதில் அது ஏறவில்லை. துஷ்டி கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லி அழுதாள்: "அவியகிட்டச் சொல்லியிருந்தா என்னைய வஞ்சிருப்பாவ. அந்த வசவாவது எனக்கு மிஞ்சியிருக்குமே!"