கொடுத்துவைத்த மவுத்து

என் மாமாவின் பெருந்தமனியை நான் மூன்று முறை அளந்திருக்கிறேன். சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் சி.டி. ஸ்கேன் அறையில் எனக்கு வேலை. இதயத்திலிருந்து கிளம்பும் அந்தப் பெரிய ரத்தக்குழாய் அவருக்கு ஓரிடத்தில் புடைத்திருந்தது. வருடம் ஒருமுறை பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வருவார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில், குழாய்க்கு நேர்குறுக்காக அளப்பேன். கொஞ்சம் சாய்த்து அளந்தாலும் இல்லாத வீக்கம் கூடிவிடும். மூன்றாம் முறையும் நாற்பத்தேழு மில்லிமீட்டர்தான். "ஜாஸ்தி ஆவலல்ல? அப்ப வுடு" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். சவுதியில் இருபது வருடம் கிரேன் ஓட்டியவர். மீட்டர் முள் சிவப்பைத் தொடாதவரை கவலையில்லை என்பது அவர் கட்சி.

ஆனால் அந்தக் குழாய் கிழியுமா என்பதை அளவு மட்டும் சொல்லிவிடாது. எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது, ரத்தக்கொதிப்பு எப்படி, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். கடைசிக் கேள்விக்கு மாமாவிடம் எப்போதும் ஒரே பதில்தான். "எங்க வூட்ல யாருக்கும் நோய்நொடி கெடையாது டாக்டர்." அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அண்ணன், என் பெரிய மாமா, ஐம்பது வயதில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தார். முதுகைப் பிளக்கிறது என்று படுத்தவர், எழவில்லை. வெள்ளிக்கிழமை, தொழுத கையோடு, யாருக்கும் பாரமாகாமல். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட சாவை நோய் என்று யாரும் சொல்வதில்லை. கொடுத்துவைத்த மவுத்து என்பார்கள். அதைக் கொஞ்சம் பொறாமையோடு பேசியவர்களும் உண்டு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அது உறைக்கவில்லை. பெரிய மாமா போன அன்று நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். பிறகு இதே பிழைப்புக்கு வந்தும், மாமாவின் பதிலைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை டாக்டர், "முதுகைப் பிளக்கற மாதிரி வலி வந்தா ஒடனே வந்துடணும்" என்று எச்சரித்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். இனி காத்திருக்க வேண்டாம், ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மாமா, "எங்கண்ணன் மவுத்த நோயாக்கிட்டியேடா" என்றார். புதுச்சேரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிழைக்க வைத்ததற்கு இதுவா கூலி என்று எனக்கும் ஆத்திரமாகத்தான் இருந்தது.

போன மாதம், யாரும் சொல்லாமலேயே, தன் மகனை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு, "எங்கண்ணனுக்கு. அப்பறம் எனக்கு" என்றார். மகனுக்கு ஒன்றுமில்லை. அவன் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது மாமா என் பக்கம் வந்தார்.

"நான் அப்ப சவுதில இருந்தேன். தூங்குற மாதிரி போய்ட்டாருன்னு போன்ல சொன்னாங்க. நீ கூட இருந்தியே மாப்ள. ரொம்ப வலிச்சுதா அவருக்கு?"

"கொஞ்ச நேரந்தான் மாமா."

"எவ்ளோ நேரம்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "முக்கா மணி நேரம்" என்றேன்.

அண்ணன் இறந்து பதினைந்து வருடம் கழித்து, ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து, மாமா முதல்முறையாக அவருக்காக அழுதார்.