அப்பாவின் பேரை அப்பாவே கேட்ட நாள்

போன செவ்வாய்க்கிழமை குழந்தையை நிறுத்துப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தேன். எடை சரியாக இருக்கிறதாம். தராசு சரியாக இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். இன்னொரு முறை நிறுக்கச் சொன்னேன். நர்ஸ் மிஸி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்தாள். பிறகு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "புருஷன் பேரு?" என்றாள்.

நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவள். சொன்னேன். வெட்கத்தில் சற்றுச் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பெஞ்சில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரிக்‌ஷாவில் வீடு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பாள் அம்மா. நான் அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நம்பாதவள்தான் நாலரை மணியிலிருந்து வாசலில் நின்றேன். அவர் சைக்கிள் மணி கேட்ட பிறகுதான் உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். "என்னா, இன்னும் ஒண்ணும் ஆக்கலியா?" என்றார். "தம்பி அழுதுக்கிட்டே இருந்தான்" என்றேன். தம்பி என்று நாங்கள் கூப்பிடும் பிள்ளை மத்தியானத்திலிருந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

அம்மா ஒருநாளும் அப்பாவின் பேரைச் சொன்னதில்லை. அப்பா பேர் மாரிமுத்து. நாங்கள் இருந்த தோட்டத்தில் இருந்த ஒரே கோயில் மாரியம்மன் கோயில். அம்மாவின் சங்கடத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள். திருவிழாவில் ஊரே சாமி பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது அம்மா மட்டும் "ஆத்தா, நம்ம ஆத்தா" என்று ஏதோ சொந்தக்காரியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவாள். அர்ச்சனைக்குப் பூசாரி பேர் கேட்டால் என்னைப் பார்ப்பாள். நான் சொல்வேன். ஆஸ்பத்திரியிலும் தபாலாபீசிலும் அரிசிக் கடையிலும் இதே கதைதான். அம்மா கண்ணைத் திருப்புவாள், நான் "மாரிமுத்து" என்பேன். பேச்சு வந்த நாள் முதல் எனக்கு இதுதான் உத்தியோகம். கல்யாணத்துக்கு முன் ஒரு வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். அதில்கூட நான் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததில்லை.

அந்த ரப்பர் தோட்டம் மலாயாவில் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே இருந்தது. அப்பா அங்கே கிராணி, கணக்கு எழுதுகிறவர். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட்டு, கழுத்துவரை பொத்தான். இன்றும் என் வீட்டுக்காரர் சட்டையில் தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தால், எழுகிற ஆவியில் அப்பா வந்து நிற்பார். புகைக்கூடத்திலிருந்து வரும் ரப்பர் நாற்றம் எல்லார் மேலும் இருந்தது. அப்பா மேல் மட்டும் கஞ்சியும் மையும் மணக்கும். அவர் எழுத்தைப் பார்த்தால் அச்செழுத்து வெட்கப்படும். பேரேட்டில் ஒரு மைப்பொட்டு விழுந்தது கிடையாது என்று அவரே சொல்லுவார், நாளைக்கு ஒரு தரமாவது.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. முதலில் மரம் சீவுகிறவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வேலை. அப்புறம் அவர்கள் குடியிருந்த லயத்தில் பாதிக் கதவு பூட்டு. சீவ ஆளில்லாத தோட்டத்தில் எழுத ஆள் எதற்கு? நாங்கள் ஒரு மாட்டுவண்டியில் ஈப்போ வந்து சேர்ந்தோம். ஒரு கடைவீட்டின் பின்கட்டில் ஓர் அறை. சீனர் கடை. கருவாடும் ஊதுபத்தியும் ஒன்றாக மணக்கும்.

வேலை இல்லை என்ற சொல் அப்பா வாயில் வந்ததே இல்லை. யார் கேட்டாலும் "லீவுல இருக்கேன்" என்பார். எட்டு மாத லீவு. தோட்டத்துப் பெரிய துரைக்கே அவ்வளவு லீவு கிடைத்திருக்காது. அம்மாவும் அப்படியே சொன்னாள், எனக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தாள். எங்கள் தெருவில் பாதி ஆண்கள் லீவில்தான் இருந்தார்கள். ரயில் பட்டறையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவர் ஒரே ராத்திரியில் முடிவெட்டுகிறவராக மாறினார். அவரிடம் போனவர்கள் ஒரு வாரம் காதைத் தடவிக்கொண்டே திரிந்தார்கள். அப்பா அப்படி இறங்கமாட்டார். தினமும் கோட்டைப் போட்டுக்கொண்டு மனுவோடு கிளம்புவார். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க ஒருத்தியும் கூலிக்குப் போனதில்ல, நானும் எழுதுகோலைத் தவிர வேற ஒண்ணைத் தொட்டதில்ல" என்பார்.

அந்த மாதக் கடைசிக்குள் ஒன்றும் அமையாவிட்டால் நாகப்பட்டினக் கப்பல் என்று ஒருநாள் சொல்லிவிட்டார். ஊருக்குக் கடுதாசியும் எழுதியாகிவிட்டது, தபாலில் போடவேண்டியதுதான் பாக்கி. எனக்குப் பன்னிரண்டு வயது. ஊரில் என் அத்தை மகன் எனக்காகக் காத்திருக்கிறானாம். பள்ளிக்கூடம் நின்றுவிடும் என்ற கவலை ஒரு பக்கம். அவனுக்கு மீசை இருக்கிறதாம் என்ற செய்தி இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிய பயம் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. மீசைதான் என்று நினைக்கிறேன்.

இதற்குள் அம்மா ஒரு காரியம் செய்திருந்தாள். பக்கத்து அறையில் லான் சே என்று ஒரு சீனப் பெண். சே என்றால் அவர்களுக்கு அக்கா. லான் சே ஆற்றில் ஈயம் அலசுகிறவள். டூலாங் என்ற அகன்ற மரத்தட்டில் ஆற்று மணலை அள்ளி, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி விட்டால் மணல் போய்விடும், அடியில் கறுப்பாக ஈயமண் நிற்கும். அதற்குப் பெண்களுக்கு மட்டும் பாஸ் என்று அரசாங்க அனுமதிச் சீட்டு உண்டு. லான் சேயின் தங்கை ஊருக்குப் போனதில் ஒரு பாஸ் சும்மா கிடந்தது.

"மாரி லா, ஜாங்கான் தாக்கூட்" என்றாள் லான் சே. வா, பயப்படாதே என்று மலாயில்.

அம்மா பயந்தாள். போனாள். அப்பா கோட்டோடு முன்வாசலில் இறங்கியதும், இவள் லான் சேயின் பெரிய ஓலைத் தொப்பியோடு பின்வாசலில் இறங்குவாள். தொப்பிக்கு மேல் கறுப்புத் துணி கட்டி, முகத்தில் பாதியை மூடிக்கொள்வாள். அப்பாவிடம் சொன்ன கதை வேறு: தையற்கடைக்கு வீட்டிலிருந்தே பொத்தான் தைத்துக் கொடுக்கிறாளாம்.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா, "ஊசி பிடிச்சா வெரலு இப்படி ஊறிப்போகுமா?" என்று கேட்டார்.

"ஈரத்துணிங்க" என்றாள் அம்மா.

"ஈரத்துணியில எவன் பொத்தான் வைப்பான்?"

"சீனன் கடைங்க."

அப்பா தலையாட்டினார். தனக்குத் தெரியாத எந்த விஷயத்துக்கும் சீனன் கடை என்பது அவருக்குப் போதுமான பதில். நான் சோற்றைவிட்டுத் தலை நிமிரவில்லை. எனக்குப் பொய் வராது. வந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இன்றும் அப்படித்தான்.

மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பா துள்ளிக்கொண்டு வந்தார். ஓர் ஆபீஸில் ஆறு நாளைக்கு எழுத்து வேலை. ஆறே நாள்தான். "பெரிய ஆபீஸ், துரைக்குப் பக்கத்துலயே உக்காந்து எழுதணும்" என்றார். அது ஆபீஸ் இல்லை, ஆற்றங்கரையில் போட்ட ஒரு மேஜை என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். அம்மாவும் அவள் போகிற இடத்தைச் சொல்லவில்லை. இருவரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நானும்தான் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. "சாப்பாட்டை எடுத்துக்கிட்டுப் பாலத்துகிட்ட வா" என்று எனக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார் அப்பா. போனேன். மரத்தடியில் மேஜை, பின்னால் நாற்காலியில் வெள்ளைக்காரத் துரை, முன்னால் அப்பா. அவர்களுக்கு எதிரே ஓலைத் தொப்பிகள் வரிசையாக நின்றன. பாஸ்களையெல்லாம் புதிதாகப் பதிகிறார்களாம். சம்பாதிக்க ஆள் இல்லாத வீட்டுப் பெண்களுக்குத்தான் இனிமேல் பாஸ். வரிசையில் நாலாவது தொப்பியின் கீழே நான் அம்மாவின் சேலையைப் பார்த்தேன்.

அம்மாவும் அப்போதுதான் மேஜையில் இருப்பவரைப் பார்த்திருக்கவேண்டும். ஓர் அடி பின்வாங்கினாள். பின்னால் நின்ற லான் சே முதுகில் கைவைத்து முன்னே தள்ளினாள். நான் தூக்குச்சட்டியோடு நின்ற இடத்திலேயே நின்றேன். ஓடிப்போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். சட்டியைக் கீழே போட்டுக் கலவரம் பண்ணியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் ஒன்பது யோசனைகள் தோன்றியிருக்கின்றன. அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை.

"நாமா?" என்று மலாயில் பேர் கேட்டார் அப்பா, தலை நிமிராமல்.

"செல்லம்மா."

பேனா நின்றது. தாளில் ஒரு மைப்பொட்டு விழுந்து மெல்லப் பெரிதாயிற்று. அப்பா நிமிரவில்லை. மேஜைக்கு அடியில் ஈரமாக நின்ற இரண்டு கால்களைப் பார்த்தார். சேற்றுக்கு நடுவே மெட்டி மின்னியது.

துரை ஏதோ முனகினார். அப்பா அடுத்த கேள்வியைக் கேட்டார். உத்தியோகம் அல்லவா, கேட்டுத்தானே ஆகவேண்டும்.

"லாக்கி பூஞா நாமா?" புருஷன் பேர் என்ன என்று, எங்கள் அப்பா, எங்கள் அம்மாவிடம்.

அம்மா தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டாள். புருஷன் பேரைச் சொல்லக்கூடாது, அதுவும் புருஷனிடமே எப்படிச் சொல்வது?

"சாக்காப் லா!" சொல்லேன் என்று பின்னாலிருந்து லான் சே இடித்தாள். துரை கேள்வியைத் தாமே ஒருமுறை உரக்கக் கேட்டார். தொப்பிகள் சிரித்தன. அம்மாவின் கண் பழக்கத்தில் சுற்றிச் சுழன்று என்மேல் வந்து நின்றது.

"மாரிமுத்து" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. துரை தம் கிராணியைப் பார்த்தார். அப்பா எழுந்து நின்று, அந்தப் பேர் எங்கள் ஆட்களில் ரொம்பச் சாதாரணம் என்று இங்கிலீஷில் பணிவாகச் சொன்னார். துரை தலையாட்டினார். அவருக்கு எங்கள் பேரெல்லாம் ஒரே பேர்தான்.

அப்பா உட்கார்ந்து, தம் பேரைத் தாமே அழகாக எழுதினார். பிறகு, "வீட்டுக்காரருக்கு என்ன வேலை?" என்று தமிழில் கேட்டார்.

இப்போது அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. "அவுக கிராணி" என்றாள். நிமிர்ந்து, கணீரென்று. அப்படிச் சொன்னால் பாஸ் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நாலு பேர் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அது முந்தி" என்றார் அப்பா. "இப்ப வேலை இல்ல."

"இல்லைங்க, லீவுல இருக்காக."

"லீவெல்லாம் இல்லம்மா. சும்மாதான் உக்காந்திருக்கான்."

"எங்க வீட்டுக்காரரை அப்படியெல்லாம் பேசாதீங்க."

"எனக்குத் தெரியும்மா, அவனை."

"என்னைவிடவா தெரியும்?"

வரிசையில் நின்ற தமிழ் தெரியாத பெண்கள்கூட இதை வாய் பிளந்து பார்த்தார்கள். என்ன தகராறு என்று துரை கேட்டார். அப்பா பேனாவை மையில் தோய்த்தார். பிறகு இங்கிலீஷில், எனக்குப் புரியும்படி மெதுவாகவே சொன்னார்: "இந்த அம்மாளின் கணவன் நல்லவன் என்கிறாள், சார். ஆனால் வேலை இல்லாதவன்." சொல்லிவிட்டுக் குனிந்து, அப்படியே எழுதினார்.

ஆறு நாள் வேலையில் அன்றுதான் ஆறாவது நாள். அன்று சாயங்காலத்தோடு வேலை முடிகிறது, ஆனால் எழுதின நேரத்துக்கு அது பொய்யா மெய்யா என்று எனக்கு இன்றும் ஒரு சின்ன உறுத்தல் உண்டு. அம்மாவுக்குப் பாஸ் கிடைத்தது.

சாயங்காலம் அம்மா எப்போதும்போலச் சோறு வைத்தாள். அப்பா சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து, "அந்தத் தொப்பி ஒனக்குப் பெருசு" என்றார்.

"லான் சேயோடதுங்க."

"ஒண்ணு சின்னதாப் பாத்து வாங்கிக்க." கையைத் துடைத்துக்கொண்டே, "கடுதாசியைத் தபால்ல போடல" என்றார்.

மீசைக்காரன் அப்படித்தான் என் வாழ்க்கையிலிருந்து போனான். அம்மாவின் டூலாங் சுழன்று எங்களுக்குச் சோறு போட்டது. அடுத்த வருஷம் ரப்பர் மெல்லத் தலைதூக்கியது. தாப்பா பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பாவுக்கு மறுபடி கிராணி வேலையும் வீடும் கிடைத்தது. அம்மா பாஸைத் திருப்பிக் கொடுத்தாள். லான் சே போனது எங்கே என்று தெரியவில்லை. அவள் இருந்த அறையில் இப்போது குடை தைக்கிறார்கள்.

குழந்தை பிறந்தபோது பார்க்க வந்த ஓர் அம்மாள், "அந்தப் பஞ்ச காலத்துல எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்று எங்கள் அம்மாவிடம் கேட்டார். "இவ அப்பா எப்படியோ பாத்துக்கிட்டாக. நான் வெளிய வாசப்படி எறங்குனதில்ல" என்றாள் அம்மா. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருமினார். அம்மா அந்த அம்மாளுக்கு இன்னொரு பணியாரம் வைத்தாள்.

கல்யாணமாகி ஈப்போவுக்கே வந்துவிட்ட நான், நேற்று தம்பியை எடுத்துக்கொண்டு அந்தப் பாலம் வரை நடந்தேன். வெயில் படாமல் குடை, குடைக்குள்ளும் ஒரு துணி. ஆற்றை நேராக்கி இரண்டு பக்கமும் கல் கட்டியிருக்கிறார்கள். இறங்க வழியில்லை. மேஜை போட்ட மரம் எது என்று பார்த்தால் மரமே இல்லை. கல்லுக்கு இடையில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த நம் ஆள் ஒருவரிடம், "அண்ணே, முன்னால இங்க பொம்பளைங்க எறங்கி ஈயம் அலசுவாங்களே, அது எந்த எடம்?" என்று கேட்டேன்.

"இங்கயா? பொம்பளைங்களா?" அவர் ஆற்றை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு வருசமா இங்கதான் இருக்கேன், அப்படி ஒண்ணும் இல்லையே தங்கச்சி. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை.