பையில் அடங்காத ரொட்டி

எங்கள் ஊரில் ரொட்டி வீட்டுக்குள் வர மூன்று காரணங்கள் உண்டு: காய்ச்சல், ஆப்பரேஷன், நோயாளியைப் பார்க்கப் போவது. பசிக்கென்று யாரும் வாங்கியதில்லை. பிரெஞ்சு வெள்ளைக்காரர் போன பிறகும் பட்டணத்தில் நீட்டு ரொட்டியோடு காலையைத் தொடங்கும் வீடுகள் இருந்தன. வில்லியனூரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருந்த எங்களுக்கு அது படுக்கையில் கிடப்பவர் சாப்பாடு.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஊர் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அழுவதை அவள் விரும்பவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்றாள். ஆனால் மில் வேலை முடிந்து அப்பா வாங்கிவரும் நீட்டு ரொட்டி துணிப்பைக்குள் அடங்காது. துண்டு போட்டு மூடினாலும் முனை வெளியே தெரியும்.

"இன்னா மாமா, ரொட்டி எட்டிப் பாக்குது? அக்காவுக்கு ஒடம்புக்கு இன்னா?" என்பார் எதிர்வீட்டுச் சித்தி.

"ஒண்ணுமில்ல. சும்மா துண்ணத்தான்."

"ஏன், வூட்டுல அரிசி தீந்துபூட்ச்சா?"

நான் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அம்மா தேறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ரொட்டியின் தோலை உரித்துவிட்டு, உள்ளிருக்கும் வெள்ளையைப் பாலில் ஊறவைத்து ஸ்பூனால் ஊட்டுவேன். தோலை அப்பாவும் நானும் மீன்குழம்பில் தொட்டுச் சாப்பிட்டோம். அது ருசியாக இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தலை வாரிவிடச் சொன்னாள். வாசலில் பாய் போடச் சொன்னாள்.

"தோலோட குடு. கொழம்ப ஊத்து. அவ பாக்கட்டும்."

சித்தி எதிர்வாசலில் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "இன்னாக்கா, வெள்ளக்காரி கணக்கா குந்திகினு துண்ற?"

"ஒனக்குப் பொறாமடி."

சித்தி சிரித்துக்கொண்டே மாட்டை ஓட்டிப்போகும்வரை அம்மா வாயை அசைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையை இழுத்து, அதில் துப்பினாள். கடித்தது கடித்தபடியே இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சித்தி வந்தார். நோயாளியைப் பார்க்க வருபவர்கள் ரொட்டியோடு சாத்துக்குடியும் கொண்டுவருவார்கள், கட்டிலருகே உட்காருவார்கள். சித்தி சாத்துக்குடி வாங்கவில்லை. உட்காரவும் இல்லை. இரண்டு நீட்டு ரொட்டிகளைப் பையில் போடாமல், தெருவே பார்க்கும்படி கையில் பிடித்து வந்திருந்தார்.

"நேத்து நீ துண்றதப் பாத்து எனக்கும் ஆசயாப் பூட்ச்சிக்கா. ஒனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"தோலோட துண்ணணும்டி. அப்பத்தான் ருசி."

"சரிக்கா."

அம்மா தன் பங்கை மடியில் வைத்துக்கொண்டாள். சித்தி தெருவைக் கடந்து, தன் வாசற்படியில் எங்களுக்குத் தெரியும்படி உட்கார்ந்து, குழம்பு எதுவும் இல்லாமல் முழு ரொட்டியையும் மென்று தின்றார். ஒருமுறைகூட நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அவர் தின்று முடிக்கும்வரை அம்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.