கண்ணேறு என்று நம்பிய தாகம்

சார்டினியாத் தீவின் மலையூர் ஒன்றில், கண்ணேறு கழிப்பதற்குப் பொனாரியாவின் வீட்டைத்தான் எல்லாரும் தேடி வருவார்கள். குவளைத் தண்ணீரில் கோதுமை மணிகளைப் போட்டுச் செபம் சொல்வாள். மணியில் குமிழி கட்டினால் கண் பட்டிருக்கிறது என்று பொருள். அந்தத் தண்ணீரை மூன்று மிடறு குடித்தால் போதும். இதற்காக அவள் யாரிடமும் ஒரு முட்டைகூட வாங்கியதில்லை. ஆண்டவர் கொடுத்ததை விற்கக் கூடாது என்பாள்.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் மகள் கவீனா ஓயாமல் தண்ணீர் கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளை மீண்டும் படுக்கையை நனைத்தாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை.

நாத்தனார் பிசென்தா ரொட்டி மாவு பிசைந்துகொண்டே சிரித்தாள். "இவளுக்கு மாப்பிள்ளை தேட வேணாம் அண்ணி. கிணத்துக்கே கட்டி வெச்சிரலாம்."

"வாயைக் கழுவுடி. திருவிழாவுல எல்லாரும் இவளைத்தான் பாத்தாங்க. கண்ணுதான் பட்டிருக்கு."

"பட்டணத்துல ஒரு தடவை ரத்தம் பாத்துருங்களேன்."

பொனாரியாவின் தம்பி மியாலியும் சின்ன வயதில் இப்படித்தான் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு ஒடுங்கிப்போய் இறந்தான். அவன் நோயின் பெயரை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. பெயர் சொன்னால் நோய் திரும்பி வரும் என்று அவள் அம்மா கண்டித்திருந்தாள். கல்யாணப் பேச்சின்போதும் யாரும் வாய் திறக்கவில்லை. கணவன் பாக்கீசியோவுக்கு இன்றுவரை தெரியாது.

அன்று மாலை அவள் குவளையை எடுத்தாள். கோதுமையில் முத்து முத்தாகக் குமிழி கட்டியது. 'மாதாவே, உனக்கு நன்றி, கண்தான்' என்று நினைத்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மூணு மிடறு, கண்ணு."

கவீனா மூன்றோடு நிறுத்தவில்லை. குவளையை இரண்டு கையாலும் பிடித்து அடிவரை குடித்தாள். கோதுமை மணிகளும் உள்ளே போயின. "இன்னும் குடும்மா" என்றாள். அவள் மூச்சில் அழுகிய ஆப்பிள் வாடை அடித்தது. தம்பியின் படுக்கையருகே அடித்த அதே வாடை.

"என்னங்க! வண்டியை எடுங்க!"

கடற்கரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை கண் திறக்காமல் கிடந்தாள். டாக்டரம்மா விரலில் ஊசி குத்திப் பார்த்தவுடன் டிரிப்ஸ் ஏற்றச் சொன்னாள். பிறகு வெளியே வந்தாள்.

"சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருக்கு. ஆனா பிழைச்சுக்குவா. இனிமே தினமும் இன்சுலின் போட்டே ஆகணும். உங்க குடும்பத்துல வேற யாருக்காவது சின்ன வயசுலயே இது உண்டா?"

பொனாரியா செபமாலையை இறுகப் பிடித்தாள். "என் தம்பிக்கு" என்றாள்.

பாக்கீசியோ திடுக்கிட்டுத் திரும்பினான். திட்டப்போகிறான் என்று அவள் தலைகுனிந்தாள். அவன் தொப்பியைக் கழற்றிக் கசக்கினான்.

"எங்க சின்ன அத்தைக்கும்" என்றான். "பேரைச் சொன்னா வந்துரும்னு எங்க வீட்டுல சொல்ல விடல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுல உங்க குத்தம் எதுவும் இல்ல," என்றாள் டாக்டரம்மா. "குடும்பத்துல இருந்தா எல்லாப் பிள்ளைக்கும் வரும்னு இல்ல. ஆனா மத்த பிள்ளைங்களையும் பாத்துக்கிட்டே இருக்கணும். வேற பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பையன். எஃபிஸ். நாலு வயசு" என்றான் பாக்கீசியோ.

"நாளைக்கு அவனையும் கூட்டிட்டு வாங்க."

பொனாரியா வாசலில் நின்று வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். "பையன் என்ன செய்யறான், பிசென்தா?"

"தூங்க மாட்டேங்கறான், அண்ணி. தாகமா இருக்காம்."