சொல்தா நின்றார், முள் ஏறியது

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை புதுச்சேரி மக்களை வீட்டைவிட்டு வெளியே வரச் சொல்லி நோட்டீஸ் அடித்தவள் நான்தான். பிறந்ததும் படித்ததும் இதே ஊரில்தான். ஒரு மணிக்குக் கடையை இழுத்துச் சாத்தினால் நாலு மணிவரை என்ன நடந்தாலும் எழுந்திருக்காத ஊர் என்று தெரிந்தேதான் செய்தேன். சூரியன் உச்சிக்கு வரும் நேரம் அதுதான் என்றால் நான் என்ன செய்வது?

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. செல்போன் கையில் வைத்திருப்பவரை மற்றவர்கள் இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த காலம். எங்கள் துறையின் ரேடியோ தொலைநோக்கி என்பது, கருவடிக்குப்பத்துக் கேபிள் டிவிக்காரர் மொட்டை மாடியிலிருந்து கழற்றிப் போட்ட எட்டடி டிஷ். அதை ட்ரைசைக்கிளில் ஏற்றி நான் பின்னால் சைக்கிளில் வந்தபோது, வழியெல்லாம் "எந்தத் தெருவுல புதுசா கேபிள் குடுக்கறீங்க?" என்று கேட்டார்கள். பதில் சொல்லி மாளவில்லை.

வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை அந்தத் தட்டு குவிக்கும். தட்டுக்கு எதிரே கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய கருவி அதை வாங்கும். அதை நாங்கள் மூக்கு என்போம். அலை கூடினால் மீட்டரில் முள் ஏறும், குறைந்தால் இறங்கும். படம் கிடையாது, பாட்டு கிடையாது. சூரியனின் ரேடியோ இரைச்சல் மாதாமாதம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று அளப்பதுதான் என் ஆய்வு. மூன்று வருடம் அந்த முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிஷ் நின்ற இடத்தில் துறைத்தலைவருக்கு ஒரு ஸ்கூட்டர் ஷெட் வேண்டியிருந்தது. அவர் கெட்டவர் இல்லை. புது வண்டி வாங்கியிருந்தார், அதன் சீட் வெயிலில் பொசுக்கியது.

"இந்தத் தட்டால பொதுமக்களுக்கு என்னம்மா யூஸு? ஒரு நாள் எல்லாரையும் கூப்ட்டுக் காட்டு. ரிஜிஸ்டர்ல கூட்டம் தெரியணும். இல்லன்னா ஷெட்டு போட்டுடுவேன்" என்றார். டிஷ் போனால் என் ஆய்வும் போச்சு. அதனால்தான் அந்த நோட்டீஸ்.

நூறு பேருக்கு மோர் கரைத்து வைத்தேன். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. வெயிலும் ஆத்திரமுமாக நானே நாலு டம்ளர் குடித்தேன். இரண்டு மணிக்குக் கேட்டைத் திறந்துகொண்டு ஒரே ஒரு மனிதர் வந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். கஞ்சி போட்ட சட்டை, மெருகேற்றிய கறுப்பு ஷூ, சட்டைப்பையின் மேல் மெடல் நாடா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் சொல்தா என்பது நூறடி தூரத்திலேயே தெரிந்தது.

"பொன்ழூர், மத்மசேல். இதுல பிரெஞ்சு சானல் வருமா?"

"வராது சார்."

"தமிழு?"

"அதுவும் வராது."

"அப்ப என்னாதான் வரும்?"

"சூரியன் வரும் சார்."

"அது வூட்டுக்கே வருதே" என்றவர், டிஷ்ஷை ஒரு சுற்று சுற்றிவந்து, தட்டுக்கும் மூக்குக்கும் நடுவில் போய் நின்றார். ஆள் வராததால் தட்டைச் சூரியனைவிட்டு வெறும் வானத்துக்குச் சாய்த்து வைத்திருந்தேன். மீட்டரில் இரண்டில் இருந்த முள் ஆறுக்கு ஏறியது.

"இன்னா அது?"

சூடுள்ள எந்தப் பொருளும் ரேடியோ அலை விடும், உங்கள் உடம்பும் விடுகிறது, வானம் குளிர்ந்தது என்பதால் அதைப் பார்க்கும்போது முள் கீழே இருக்கும் என்று விளக்கினேன். அவர் நகர்ந்து பார்த்தார். முள் இறங்கியது. திரும்ப வந்து நின்றார். ஏறியது. முகம் மாறிவிட்டது.

"நான் உயிரோட இருக்கேன்னு மெஷினு சொல்லுது?"

அப்புறம்தான் கதை வந்தது. பிரெஞ்சு பென்ஷன் வாங்குபவர்கள் வருடா வருடம் தாங்கள் சாகவில்லை என்று ஒரு தாள் கொடுக்க வேண்டும். உயிர்வாழ் சான்று. அவர் அதைச் செர்த்திஃபிக்கா தெ வீ என்றார். இவர் பெயரிலேயே இன்னொருவர் இறந்துபோக, பென்ஷன் ஆபீஸில் இவரைச் சாகடித்துவிட்டார்கள். இவர் நேரில் போய் நின்றார். நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், நலம் விசாரித்தார்கள்.

"எல்லாம் கேட்டுட்டு, 'நீங்க நேர்ல வந்தா பத்தாது மிசியே, பேப்பர் வேணும்'ங்கறான். டாக்டர் பேப்பர் குடுத்தேன். நோட்டேர் முத்திர போட்ட பேப்பர் குடுத்தேன். செத்தவன் ஃபைல்ல இதெல்லாம் சேக்க முடியாதுங்கறான். மெஷின் பேப்பர் ஒண்ணு குடு மத்மசேல். மனுசன நம்ப மாட்டான், மெஷின நம்புவான்."

நான் நேர்மையாகத்தான் சொன்னேன். "சார், நீங்க நின்ன எடத்துல ஒரு செவுத்த வெச்சாலும் முள் இதே மாதிரிதான் ஏறும்."

"செவுரு பென்ஷன் கேக்கப்போறதில்ல."

நூறு பேருக்கான மோரில் தொண்ணூற்றாறு பேருக்கானது மிச்சம் இருந்தது. தூக்கம் வேறு கண்ணைச் சுழற்றியது. துறையின் லெட்டர்பேடை எடுத்து எழுதினேன். "இன்று பகல் இரண்டேகால் மணிக்கு மேற்படி நபர் எங்கள் ஆண்டெனாவின் முன் நின்றார். முள் இரண்டிலிருந்து ஆறுக்கு ஏறியது. அவர் நகர்ந்ததும் இரண்டுக்கு இறங்கியது." இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. முத்திரையும் குத்தினேன். அவர் எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் துறைத்தலைவர் ரிஜிஸ்டரைத் திறந்தார். ஒரே கையெழுத்து. பக்கத்தைத் திருப்பியும் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று. "வெல்டருக்குச் சொல்லிடறேம்மா" என்றார். பத்து நாளில் வெல்டர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார். நான் அன்று கழிவறையில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரக் கடைசியில் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பென்ஷன் ஆபீஸ் கேட்கிறது: உங்கள் பல்கலைக்கழகத்தில் உயிரைச் சான்றளிக்கும் கருவி ஒன்று இருப்பதாகத் தெரிகிறது, அது யாரால் அங்கீகரிக்கப்பட்டது என்று தெரிவிக்கவும்.

துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு வைத்துக் கத்தினார். "என்னம்மா இது? உயிர் இருக்கா இல்லயான்னு நம்ம டிஷ்ஷு பாக்குதாமே! நான் இன்னான்னு பதில் எழுதறது?"

"உண்மைய எழுதுங்க சார்."

"அங்கீகாரம் இல்லன்னு எழுதினா, ஏன் முத்திர குத்தினேம்பான். இருக்குன்னு எழுதினா, எங்கம்பான். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஃபைலின் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதி அனுப்பினார். பதிவாளரும் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். யாரும் யாரோடும் பேசவில்லை. ஆனால் ஒரு விதி இருந்தது: ஒரு பொருளைப் பற்றிக் கடிதப் போக்குவரத்து முடியாமல் இருந்தால், அந்தப் பொருளை அப்புறப்படுத்தக் கூடாது. ஃபைல் திறந்திருக்கும்வரை ஷெட் கிடையாது. வெல்டர் வராமல் நின்றார். சூரியனைப் பற்றி நான் மூன்று வருடம் சொல்லிச் சாதிக்காததை மூன்று வரியில் ஒரு தாள் சாதித்துவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது.

சொல்தாவுக்கு நாலு மாதத்தில் உயிர் திரும்பி வந்தது. வேறு ஏதோ முறையான வழியில்தான். ஆனால் அவருடைய ஃபைலில் இணைப்புகள் பட்டியலில் ஐந்தாவதாக எங்கள் தாள் ஏறிவிட்டது. அடுத்த வருடம் சான்று கொடுக்கப் போனபோது, "அஞ்சாவது எங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அதிலிருந்து அவர் வருடத்துக்கு ஒருமுறை என்பதை நம்பாமல், மாதா மாதம் முதல் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்துவிடுவார். நடுவில் ஒன்று ஆகிவிட்டால் என்பது அவர் வாதம்.

எனக்கும் அது தோதாகப் போயிற்று. முள் ஏறுவதை அளவாக மாற்ற, வெப்பம் தெரிந்த ஏதாவது ஒன்றை மூக்கின் முன் அசையாமல் பிடிக்க வேண்டும். அதற்கென்று ஒரு நுரைப்பஞ்சு கேட்டிருந்தோம், அந்த ஃபைலிலும் யாரோ 'பேசவும்' எழுதியிருந்தார்கள். அதனால் சொல்தாவையே நிறுத்தினேன். "கார்தா வூ!" என்று தனக்குத்தானே உத்தரவு கொடுத்துக்கொண்டு விறைப்பாக நிற்பார். பத்து நிமிடம் கண்ணிமை தவிர ஒன்றும் அசையாது. என் நோட்டில் 'சொ.' என்று ஒரு பத்தி இருந்தது. சூரியன் எத்தனை சொல்தா என்றுதான் முதலில் கணக்குப் போடுவேன், பிறகுதான் அறிவியல் அலகுக்கு மாற்றுவேன். அவர் நின்று நின்று தரையில் இரண்டு ஷூ தடம் விழுந்துவிட்டது.

ஒரு புதன்கிழமை அவர் வரவில்லை. பத்தரை, பதினொன்று. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மதியம் பதிவாளர் அலுவலகத்துக் கிளார்க் போன் செய்தார்.

"மேடம், அந்த உயிர் ஃபைலு மூடியாச்சு. சம்பந்தப்பட்டவர் எறந்துட்டாராம்."

"அப்ப டிஷ்ஷு?" என்று கேட்டேன்.

இதைத்தான் கேட்டேன். எப்போது என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்கவில்லை. போனை வைத்த பிறகும் எனக்கு இன்னும் நாலு மாத அளவுகள் வேண்டுமே என்பதுதான் மனதில் ஓடியது. இரண்டு நாள் கழித்துத்தான் நான் கேட்டது என் காதிலேயே விழுந்தது. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அடுத்த திங்கள் வெல்டர் வந்துவிட்டார். துறைத்தலைவர் பக்கத்தில் நின்று ஷெட்டின் கதவு எந்தப் பக்கம் என்று கை காட்டிக்கொண்டிருந்தார். முதல் போல்ட்டில் ஸ்பானரை வைக்கும்போது கேட்டுக்கு வெளியே ஆட்டோ நின்றது. வெள்ளைப் புடவையில் ஒரு வயதான அம்மா இறங்கினார். கையில் ஒரு படிவம்.

"மெஷின் பொண்ணு யாரு?"

நான்தான் என்றேன்.

"நான் சொல்தா ஊட்டம்மா. அவரு பென்ஷன் எனக்கு வரணும்னா நானும் உயிரோட இருக்கேன்னு பேப்பர் குடுக்கணுமாம். நாலு பேப்பர் குடுத்துட்டேன். அஞ்சாவது இத கேக்கறான்."

துறைத்தலைவர் அந்தப் படிவத்தை வாங்கிப் படித்தார். பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருந்தது. வெல்டரைப் பார்த்தார், டிஷ்ஷைப் பார்த்தார், வெயிலில் நின்ற தன் ஸ்கூட்டரைப் பார்த்தார்.

"ஏம்பா, நிறுத்து" என்றார். "ஃபைலு தெறந்துடுச்சு."

வெல்டர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு நிழல் தேடிப் போய் உட்கார்ந்தார். என் ஆய்வு பிழைத்துவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அந்த அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அவரு எங்க நிப்பாரு?" என்று கேட்டார்.

ஷூ தடத்தைக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அந்தத் தடத்தில் போய் நின்றார். முள் இரண்டிலிருந்து ஏறி ஆறில் நின்றது.

"எவ்ளோ?"

"ஆறும்மா."

"அவருக்கு?"

"இதே ஆறுதாம்மா. யார் நின்னாலும் இதேதான்."

"அவ்ளோதானா? நாப்பது வருசமா அவருதான் பெரிய ஆளுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். சிரித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். "நகந்தா எறங்கிடுமாமே. வூட்ல சொல்லிக்கினே இருப்பாரு."

"நகர வேணாம்மா" என்றேன். பேனாவை மூடினேன். ஐந்து நாள் தாமதமாக, கேட்க வேண்டியதைக் கேட்டேன். "எப்படிம்மா ஆச்சு?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்ததிலிருந்து, மறுநாள் காலை பத்து மணிக்கு இங்கே வர வேண்டும் என்று எடுத்து வைத்த சட்டையிலிருந்து, ஒன்றுவிடாமல். அவர் சொல்லி முடிக்கும்வரை முள் ஆறிலேயே நின்றது.