தம்பி வாங்கிய துவக்கு

"இப்பதான் அக்கா, வீட்டில ஒரு ஆம்பிளை இருக்கிற மாதிரிக் கிடக்கு."

அம்மா தொலைபேசியில் சொன்ன இந்த வசனத்தை நான் குசினி மேசையில் இருந்து கேட்டேன். மறுமுனையில் செயின்ட்-மிஷேலில் இருக்கும் பெரியம்மா. எனக்கு முன்னால் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நானும் ஆம்பிளைதான் என்று அம்மாவுக்கு நினைவுபடுத்துவதற்காகத் தொண்டையைச் செருமினேன். அம்மா திரும்பிப் பார்த்து, "விக்குதோ? தண்ணியைக் குடி" என்றுவிட்டுத் தொடர்ந்தார்.

அவர் சொன்ன ஆம்பிளை என் தம்பி. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூரை வேலைக்குப் போனவன்.

எங்கள் வீட்டில் படிப்பை விடாமல் பிடித்தவன் நான் ஒருவன்தான். அப்பா ஐந்தாம் வகுப்பு. அம்மா அதுவும் இல்லை. இங்கே கெபெக்கில், பார்க் எக்ஸ்டென்ஷனில் வாடகைக்கு இருந்த காலம் முழுவதும் வீட்டுக்காரனின் அறிவித்தல், வைத்தியரின் மருந்துத் துண்டு, வங்கியின் கடிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் வாசித்துச் சொன்னால்தான் வீடு அசையும். அம்மா எங்கே போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். தம்பிக்கு அது வசதி, எனக்கு அது பெருமை.

பிறகு ஆற்றுக்கு நடுவே இருக்கும் இல்-பிசார் தீவில் வீடு வாங்கினோம். அப்பாவின் சேமிப்பும் தம்பியின் உழைப்பும்தான். என் பங்கு, பத்திரத்தை வாசித்து விளங்கப்படுத்தியது. பார்க் எக்ஸ்டென்ஷனில் இருமினால் பக்கத்துவீட்டு அன்ரி மல்லித் தண்ணி கொண்டுவருவா. இல்-பிசாரில் கத்தினாலும் மரங்கள்தான் கேட்கும். எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

குடிவந்த முதல் இலையுதிர்காலத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு நான்கு பேரும் போய்விட்டுத் திரும்பினோம். பின்பக்கக் கண்ணாடிக் கதவு தண்டவாளத்தில் இருந்து கழன்று புல்லில் கிடந்தது. குசினி நிலம் முழுவதும் அரிசி. அம்மா நகைகளை அரிசி வாளியின் அடியில் வைத்திருந்தார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அங்கேதான் வைப்பார்கள். கள்ளருக்கும் அது தெரிந்திருந்தது. மற்ற அறைகளைத் தொடவேயில்லை. நேரே வாளியைக் கவிழ்த்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அம்மாவால் வீட்டில் தனியே இருக்க முடியவில்லை. அப்பா பின்னேர வேலை. தம்பி இருட்டிய பிறகுதான் வருவான். நான் நூலகத்தில். ஒருநாள் முன்னதாக வந்தபோது அம்மா குளிர்ச்சட்டையும் சப்பாத்தும் போட்டபடி முன் ஜன்னலோரம் இருந்தார். "எங்க போறீங்கள்?" என்று கேட்டேன். "ஒரிடமும் இல்லை. பின்னால சத்தம் கேட்டால் ஓடத்தானே வேணும்" என்றார்.

அடுத்த நாளே நான் வேலையைத் தொடங்கினேன். வீடு கூட்டும் தும்புத்தடியை வெட்டிக் கண்ணாடிக் கதவின் தண்டவாளத்தில் கிடத்தினேன். விளக்குகள் குறித்த நேரத்தில் தாமாக எரிந்து அணைய மணிக்கூட்டு ஆளி பொருத்தினேன். ஆள் இருப்பதுபோலத் தோன்ற வானொலியைப் பேசவிட்டேன். வீட்டுப் பாதுகாப்பைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் வாசித்து, அம்மாவுக்கு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினேன்.

"நல்லது ராசா" என்றார். குளிர்ச்சட்டையைக் கழற்றவில்லை.

அப்போதுதான் ஒரு ஞாயிறு மத்தியானம், கோழிக்கறியை எலும்போடு கடித்துக்கொண்டே தம்பி சொன்னான்: "நான் ஒரு துவக்கு வாங்கப்போறன். பம்ப் துவக்கு."

நான் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன். துவக்குகளிடம் இருந்து தப்பி நாடு விட்டு வந்த மனிசி. குழறப்போகிறார், கரண்டியால் எறியப்போகிறார் என்று நினைத்தேன். உண்மையில் ஆசைப்பட்டேன்.

அம்மா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: "எந்த அறையில வைப்பாய்?"

"கீழ, பேஸ்மென்ரில."

"சத்தம் பெரிசோ?"

"சுடவே தேவையில்லை அம்மா. பிடியைப் பின்னால இழுத்து முன்னால தள்ளினால் ஒரு சத்தம் வரும். சரக், சரக். கள்ளன் அந்தச் சத்தத்திலேயே ஆத்தில குதிச்சு அந்தக் கரை லாவாலுக்கு நீந்திப் போயிடுவான்."

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தார். கள்ளர் வந்துபோன பிறகு அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"வீட்டைக் காக்க எண்டு கேட்டால் இந்த நாட்டில லைசென்ஸ் தரமாட்டாங்கள்" என்றேன்.

"வேட்டைக்கு எண்டுதான் கேட்பன். வேலைத்தளத்துப் பொடியளோட போன வருசமும் மான் பார்க்கப் போனனான்தானே."

"துவக்கை வெறுமையாக்கிப் பூட்டி வைக்கவேணும். தோட்டா வேற இடத்தில பூட்டில இருக்கவேணும். கள்ளன் வந்து நிண்டால், கொஞ்சம் பொறு அண்ணை, திறப்பு எடுத்துக்கொண்டு வாறன் எண்டு சொல்லுவியோ?"

"அண்ணை, நீ தும்புத்தடியோட வந்து அவனோட கதைச்சுக்கொண்டிரு. அதுக்குள்ள நான் திறந்திடுவன்."

அம்மா மறுபடியும் சிரித்தார்.

லைசென்சுக்கு ஒரு வகுப்புக்குப் போக வேண்டும், எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் எடுக்க வேண்டும். நானும் பதிந்தேன். "உனக்கு என்னத்துக்கு?" என்று தம்பி கேட்டான். பாதுகாப்பு விஷயம், வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்திருப்பது நல்லது என்றேன். உண்மை என்னவென்றால் அவனுக்கு ஒரு பரீட்சை வந்து, அதில் நான் இல்லாமல் இருப்பதை என்னால் யோசிக்க முடியவில்லை.

ஒரு மண்டபத்தில் வகுப்பு. சுற்றிவரத் தாடி வைத்த கெபெக் வேட்டைக்காரர்கள். கறுத்த ஆட்கள் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் புத்தகத்தில் கோடு கீறிக்கொண்டிருக்க, தம்பி இடைவேளையில் அவர்களோடு வெளியே நின்று கோப்பி குடித்தான். அவனுடைய பிரெஞ்சு கூரையில் கற்றுக்கொண்டது, வசவுகள் நிறைந்தது. அதைக் கேட்டு அவர்கள் முதுகில் தட்டினார்கள். என்னுடைய பிரெஞ்சு இலக்கணம் பிசகாதது. அதற்கு அவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள். பரீட்சையில் என் புள்ளிதான் கூட. செய்முறையிலும் துவக்கின் வாயை ஒருவர் பக்கமும் திருப்பாமல், தோட்டா அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் வெறுமை என்று பார்த்து, குறையில்லாமல் செய்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவன் பாஸோ?"

கடைக்கும் கூடப் போனேன். வாசித்து ஆயத்தமாகப் போனேன். இருபது கேஜ் போதும், பன்னிரண்டு கேஜ் குழல் பெரிது, உதை கூட, வீட்டுக்குள் சுட்டால் சுவருக்கு அப்பாலும் போகும் என்று தம்பிக்கு வழிநெடுக விளக்கினேன். அவன் கார் வானொலியின் சத்தத்தைக் கூட்டினான்.

கடைக்காரர் வயதான மனிதர், நன்றாகக் கதைத்துக் கதைத்தே விற்பவர். பன்னிரண்டு கேஜில் ஒரு பெட்டி காட்டினார். ஒரே துவக்கு, இரண்டு குழல். வாத்துக்கு நீளக் குழல், பற்றைக்குள் போகக் கட்டைக் குழல். கழற்றி மாற்றலாம். தம்பியின் கண்கள் கட்டைக் குழலில் நின்றன. கடைக்காரர் துவக்கின் பின்கட்டையை அவனுடைய முழங்கையின் உள்மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தார். அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

"எனக்கும் பாருங்கள்" என்றேன்.

என் முழங்கையில் வைத்தார். விரல் எட்டவில்லை. "உனக்குக் கொஞ்சம் நீளம்" என்றார், ஆறுதலாக. தம்பி கூரையின் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பன்னிரண்டு கேஜையே வாங்கினான்.

பேஸ்மென்ரில் பழைய படுக்கை விரிப்பை மேசையில் போட்டுத் துவக்கைப் பொருத்தினோம். நானும் நின்றேன், ஒருவரும் கூப்பிடாமலே. நீளக் குழலைக் கழற்றிக் கட்டைக் குழலைப் போட்டான். தோட்டாக் குழாய்க்குள் ஒரு மரத்தடி இருந்தது. வாத்துச் சுடுகிறவன் மூன்று தோட்டாவுக்கு மேல் போடாமல் இருக்க வைப்பது. அதை வெளியே இழுத்தான்.

"வாத்துக்கு அது இருக்கவேணும்" என்றேன்.

"வாத்து வீட்டுக்க வாற நேரம் போடுறன்."

உதையைத் தாங்கப் பின்கட்டையில் தடித்த இறப்பர் வைத்தான். துவக்கை வைக்க வாங்கிய இரும்பலுமாரியைச் சுவரோடு சேர்த்து முறுக்கியதும் அவன்தான். விசைப் பூட்டு வாங்கிவந்தது நான். தோட்டாப் பெட்டிக்கு வேறு பூட்டு வாங்கிவந்ததும் நான். எல்லாம் முடிய அம்மா கீழே இறங்கி வந்தார். கையில் சந்தனக் கிண்ணம். புதுக் காருக்கு வைப்பதுபோலத் துவக்கின் இரும்பில் ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்தார்.

"ஈரம் பட்டால் கறள் பிடிக்கும் அம்மா" என்று நான் துணியை எடுத்தேன்.

"கறள் பிடிச்சால் தம்பி பாப்பான். நீ தொடாத" என்றார்.

அந்த வாரமே குளிர்ச்சட்டை கொளுவியில் ஏறியது. அம்மா வரவேற்பறைக் கதிரையில் காலை மடக்கிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தார். நான் வந்தால் "வந்திட்டியோ" என்பார். தம்பி வந்தால் எழும்பிப் போய்ச் சோறு போடுவார். ஒரு பூட்டின இரும்பலுமாரி செய்ததை நான் இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் செய்யவில்லை. இரவில் நல்ல நித்திரை என்று பெரியம்மாவுக்குச் சொன்னார். கோயிலில் சொன்னார். மரக்கறிக் கடையில் வரிசையில் நின்ற எவரிடமும் சொன்னார். "சின்னவன் வீட்டில துவக்கு வைச்சிருக்கிறான். இனி வரட்டும் பாப்பம்."

கோடையில் கோயில் தேர்த் திருவிழா வந்தது. நால்வரும் வெளிக்கிட்டு வாசலில் நின்றோம். தம்பி பட்டு வேட்டி, நான் பட்டு வேட்டி. அம்மா ஒரு கால் படிக்கு வெளியே வைத்தவர் அப்படியே நின்றார்.

"அப்ப துவக்கு?"

"என்ன துவக்கு?" என்றார் அப்பா.

"அதைத் தனிய விட்டுட்டுப் போறதே? எல்லாருக்கும் தெரியும் எங்கட வீட்டில துவக்கு இருக்கு எண்டு. எல்லாருக்கும் தெரியும் நாங்கள் இண்டைக்குக் கோயிலில எண்டு. அரிசி வாளியைக் கவிட்டவங்கள் அலுமாரியை விடுவாங்களே?"

அவர் சொன்னதில் பிழையே இல்லை. வீட்டைக் காக்க வாங்கியதற்கு இப்போது ஒரு காவல் தேவைப்பட்டது.

"ஆராவது நிக்கவேணும்" என்றார் அப்பா.

தம்பி என்னைப் பார்த்தான். "லைசென்ஸ் அண்ணைக்கும் இருக்குத்தானே."

அவனோடு போட்டிக்கு எடுத்த லைசென்ஸ். அப்பாவுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. நான் நிற்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா முடித்துவிட்டார்: "ஓம், பெரியவன் நிக்கட்டும். அவனுக்குப் படிக்கிறதும் இருக்கும்." தம்பி திறப்புக் கோர்வையை என் கையில் வைத்தான். "பேந்து பிரசாதம் கொண்டுவாறன் அண்ணை."

கார் போனது. பட்டு வேட்டியோடு பேஸ்மென்ருக்கு இறங்கி அலுமாரிக்கு முன்னால் இருந்தேன். அவர்கள் மூன்று பேரும் காரில் என்ன கதைத்துச் சிரிப்பார்கள் என்று யோசித்தேன். தம்பி மேல்சட்டை இல்லாமல் வடம் பிடிப்பான், பெண்டுகள் அம்மாவிடம் "உங்கட சின்னவனோ?" என்று கேட்பார்கள், அம்மா "ஓம்" என்று சொல்லும்போது எப்படி முகத்தை வைத்துக்கொள்வார் என்பதுவரை தெரிந்தது. அலுமாரியைத் திறக்கவே எனக்கு மனம் வரவில்லை. உள்ளே இருந்தது அவனுடைய கைக்கு அளவான சாமான்.

மத்தியானம் தொலைபேசி அடித்தது. பின்னால் மேளம், நாதஸ்வரம், தேங்காய் உடைக்கும் சத்தம்.

"சாப்பிட்டியோ?" அம்மா.

"இன்னும் இல்லை."

"குளிர்ப்பெட்டியில பருப்பு இருக்கு, சூடாக்கு. ஆரும் வந்தவையோ?"

"இல்லை."

"வந்தாலும் அதைத் தொடாத. பின் அறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டிப்போட்டுப் பொலிசுக்குப் போன் அடி, என்ன? போனால் போகட்டும், ஒரு இரும்புதானே." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அதுதான் உன்னை விட்டனான். அவனை விட்டிருந்தால் எடுத்துக்கொண்டு நிப்பான். நான் இஞ்ச சாமியைப் பாப்பனோ, அவனை நினைச்சுக்கொண்டு நிப்பனோ?"

ஒரு கணம் மனம் குளிர்ந்தது. அடுத்த கணம், என்னை விட்டு வந்ததால் நிம்மதியாகச் சாமி பார்க்கிறார், அவனை விட்டிருந்தால் அவனையே நினைத்துக்கொண்டிருப்பார் என்றும் விளங்கியது. ஆனால் அம்மா தொலைபேசியை வைக்கவில்லை. யார் யார் வந்திருக்கிறார்கள், யார் என்ன சேலை, கூட்டத்தில் கால் எப்படி உளைகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். பார்க் எக்ஸ்டென்ஷனில் பேருந்துக்குக் காத்து நிற்கையில் என்னோடு கதைப்பதுபோல. அப்பா கூப்பிடுவது கேட்டது. "பொறுங்கோ, பெரியவனோட கதைக்கிறன்" என்றார். இல்-பிசாருக்கு வந்த பிறகு அவ்வளவு நேரம் அவர் என்னோடு கதைத்ததேயில்லை.

அதற்குப் பிறகு வந்த பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, எல்லாவற்றுக்கும் நான்தான் நின்றேன். ஒவ்வொரு மண்டபத்தில் இருந்தும் அம்மா எனக்குத் தொலைபேசி எடுப்பார்.

இலையுதிர்காலத்தில் பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம். காலையில் தம்பி பேஸ்மென்ருக்கு வந்தான். சவரம் செய்யவில்லை, வீட்டுச் சாரத்தோடு நின்றான்.

"அண்ணை, இந்தமுறை நீ போ. நான் நிக்கிறன். ஒவ்வொருமுறையும் நீயே நிக்கிறாய், எனக்கே ஒரு மாதிரிக் கிடக்கு."

அவன் உண்மையாகத்தான் சொன்னான். முகத்தில் தெரிந்தது. மேலே அம்மா சேலைக்கு இஸ்திரி போடும் சத்தம் கேட்டது.

"வேண்டாம். எனக்குப் பரீட்சை கிடக்கு" என்றேன்.

"பரீட்சை முடிஞ்சுது எண்டு போன கிழமைதானே சொன்னனீ?"

"வேற பரீட்சை. நீ போடா. போய்ச் சவரம் செய்."

அவன் ஒன்றும் விளங்காமல் மேலே ஏறிப் போனான். கார் பாலத்துப் பக்கம் திரும்பியதும் தொலைபேசியை மேசையின் நடுவுக்கு இழுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன்.